வங்கி ஏலத்தில் காணி வாங்குவது: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதயனிலோ வீரகேசரியிலோ "பகிரங்க ஏல விற்பனை" என்று கட்டம் போட்ட அறிவித்தல் ஒன்று வந்தால், அடுத்த நாளே வரும் கேள்விகள் அநேகமாக ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், தலையிடி தருபவை பின்னால்.

வங்கி ஏலம் எண்டா என்ன? கோட்டுக்குப் போகாமல் வங்கி எப்பிடி ஒருத்தற்றை காணியை விக்கலாம்?

கடன் கொடுக்கும்போது வங்கி காணியை ஈடு வாங்குகிறது. கடன் கட்டாமல் நின்றால், ஈட்டுக் காணியை வழக்குப் போடாமலே பகிரங்க ஏலத்தில் விற்க 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டம் வங்கிகளுக்கு இடம் கொடுக்கிறது. பராட்டே சட்டம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இலங்கை வங்கிக்கும் மக்கள் வங்கிக்கும் அவற்றின் சொந்தச் சட்டங்களிலேயே இதுபோன்ற அதிகாரம் இருக்கிறது.

முதலில் வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் எடுக்கும். அது வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கில நாளிதழ்களிலும் வரும். பிறகு ஏல நாள், நேரம், இடம் குறித்த அறிவித்தல் ஏலத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக வரவேண்டும். அதன் பிரதி கடன்காரருக்குப் போகும், காணியிலும் ஒட்டப்படும். இந்தப் படிகளில் ஒன்று பிசகினாலும் பிறகு வழக்கில் அதைத்தான் பிடிப்பார்கள். அதனால் இரண்டு அறிவித்தல்களையும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

2011இல் வந்த திருத்தப்படி, வாங்கிய கடனின் முதல் தொகை 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைவென்றால் 1990 சட்டத்தின் கீழ் விற்க முடியாது. வட்டி, தண்டம் சேர்ந்து 50 இலட்சத்தைத் தாண்டினாலும் கணக்கில் எடுப்பது முதல் தொகையைத்தான். 2024இல் பராட்டே நடவடிக்கைகள் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டு, அந்த நிறுத்தம் 2025 மார்ச் 31 வரை நீண்டது. அந்தக் காலத்துத் தேதி ஏதும் கோப்பில் இருந்தால் சட்டத்தரணியிடம் தனியாகக் காட்டுங்கள்.

நீதிமன்ற ஏலம் எண்டும் போடுகினம். அது வேறையோ?

வேறு. அங்கே கடன் கொடுத்தவர் 1949ஆம் ஆண்டின் ஈட்டுச் சட்டத்தின் கீழோ வேறு வழியிலோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காடித் தீர்ப்புப் பெற்றிருப்பார். விற்பது பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் அதிகாரி) அல்லது நீதிமன்றம் நியமித்த ஆணையாளர். பிஸ்கால் விற்பனையில் கேட்ட விலையின் 25 வீதத்தை அங்கேயே கட்டி, மீதியை 30 நாளுக்குள் கட்டவேண்டும். விற்பனையில் முறைகேடு என்று யாரும் விண்ணப்பிக்க அவகாசம் உண்டு. நீதிமன்றம் விற்பனையை உறுதிசெய்த பிறகுதான் காணி உங்களுடையது. காலம் இழுக்கும், ஆனால் தகராறுகளில் ஒரு பகுதி ஏற்கெனவே நீதிபதி முன் பேசித் தீர்ந்திருக்கும்.

கீழே வருபவை, வேறாகச் சொன்னாலொழிய, வங்கி ஏலத்தைப் பற்றியவை.

உண்மையாவே மலிவா எடுக்கலாமோ?

சிலவேளை. ஆனால் விலை ஏன் குறைகிறது என்று முதலில் கேளுங்கள். சாதாரணமாகக் காணி வாங்கும்போது விற்பவர் உறுதியைக் காட்டுவார், எல்லையைக் காட்டுவார், திறப்பைக் கையில் தருவார். ஏலத்தில் இந்த மூன்றில் எதற்கும் வங்கி பொறுப்பு நிற்காது. அந்த வேலையெல்லாம் உங்கள் தலையில் விழுவதால்தான் விலை குறைகிறது. அதைச் செய்யத் தெரியாதவருக்கு அது மலிவு அல்ல.

இன்னொன்று, வங்கி ஓர் அடிவிலை வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே வெளியாளுக்கு விற்காமல் வங்கியே எடுத்துக்கொள்ளும். பாதி விலைக்கு அடிக்கலாம் என்று வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான்.

ஏலம் நடக்கிற அண்டைக்குக் கையில எவ்வளவு காசு வேணும்?

அறிவித்தலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். வழமையாகச் சுத்தியல் விழுந்ததும் கட்டவேண்டியவை: கேட்ட விலையில் 10 வீதம், உள்ளூராட்சி மன்றத்துக்கு 1 வீதம், ஏலதாரரின் தரகு 2.5 வீதம், விளம்பரச் செலவு, ஏலம் கூறுபவருக்கும் எழுதுவினைஞருக்கும் கூலி, விற்பனை நிபந்தனைகளை அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசின் கட்டணம். மீதி 90 வீதம் 30 நாளுக்குள்.

ஒரு வீட்டுவளவை 1 கோடி 20 இலட்சத்துக்குக் கேட்டீர்கள் என்று வைப்போம். அன்றைக்கு 12 இலட்சம், 1 இலட்சத்து 20 ஆயிரம், 3 இலட்சம், ஆக 16 இலட்சத்து 20 ஆயிரம். அதற்கு மேல் விளம்பரமும் சில்லறையும். பிறகு விற்பனைச் சான்றிதழுக்கு முத்திரைத் தீர்வை. முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம் என்ற வழமையான கணக்கில் 4 இலட்சத்து 79 ஆயிரம் வரும். விளம்பரத்தைச் சேர்க்காமலே விலைக்கு மேல் ஏறக்குறைய ஏழரை வீதம். விளம்பரச் செலவு வங்கிக்கு வங்கி வேறுபடும். சிலர் முழுவதையும், சிலர் பாதியை வாங்குபவர் தலையில் கட்டுவார்கள். கேட்க முன் ஏலதாரரிடம் தொகையைச் சொல்லச் சொல்லுங்கள்.

30 நாளுக்குள்ள மிச்சத்தைக் கட்ட ஏலாமல் போனா?

கட்டிய 10 வீதத்தை வங்கி எடுத்துக்கொண்டு காணியைத் திரும்ப ஏலம் போடலாம். அன்று கொடுத்த தரகும் விளம்பரக் காசும் திரும்பாது. இன்னொரு வங்கியில் கடன் எடுத்துக் கட்டலாம் என்று நம்பிக் கேட்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். அந்த வங்கி மதிப்பீடு செய்து, உறுதி பார்த்து, அனுமதி கொடுக்க 30 நாள் போதாது. உள்ளே ஆள் இருக்கும் வீட்டை மதிப்பீட்டாளர் போய்ப் பார்க்கவே முடியாமல் போகலாம். கடன்தான் வழி என்றால் ஏலத்துக்கு முன்னரே எழுத்தில் அனுமதி எடுங்கள்.

ஏலத்துக்குப் போக முதல் என்னென்ன பாக்கவேணும்?

தோம்பு, அதாவது காணிப் பதிவேடு. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். அறிவித்தலில் உள்ள பதிவுத் தொகுதி, பக்க எண்களைக் கொண்டு காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதி எடுங்கள். 30 வருடம் பின்னே போவது பொது வழக்கம். எங்கள் ஊரில் அது போதாது. இடம்பெயர்வுக் காலத்தில் பல உறுதிகள் எழுதிப் பதியப்படாமல் கிடந்து, பல வருடம் கழித்துப் பதிவுக்கு வந்திருக்கின்றன. 1983க்கு முந்திய ஓர் உறுதி வரை சங்கிலி அறாமல் வருகிறதா என்று பாருங்கள்.

பதிவுப் பிரதியில் வங்கியின் ஈடு பதிந்த தேதியில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். விற்பனைச் சான்றிதழ் கிடைத்ததும் கடன்காரருக்கு அந்தக் காணியில் இருந்த உரிமை முழுவதும் உங்களுக்கு வரும். ஈட்டுக்குப் பிறகு அவர் எழுதிக்கொடுத்த உறுதியைக் காட்டி வருபவர் விற்பனையைக் குலைக்க முடியாது. ஆனால் ஈட்டுக்கு முன்னர் பதிந்தவை அப்படியே நிற்கும். பழைய ஒற்றி, நீண்ட குத்தகை, வழக்கு நிலுவைப் பதிவு, ஆட்சேபனை எதுவானாலும் சரி. மேலும், கடன்காரருக்கு இல்லாத உரிமையை வங்கியாலும் தர முடியாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லலாம்.

அடுத்தது அளவு. அறிவித்தலில் பேர்ச் கணக்கு இருக்கும், பழைய உறுதியில் "வரகு விதைப்பு 2 இலாச்சம் 6 குழி" என்று இருக்கும். வரகு விதைப்பில் ஓர் இலாச்சம் ஒரு பரப்பு. 18 குழி ஒரு பரப்பு, ஒரு பரப்பு 10 பேர்ச். ஆக அது 23.33 பேர்ச். நெல் விதைப்புக் காணியின் இலாச்சம் வேறு அளவு, அதை இந்தக் கணக்கில் போடாதீர்கள். கணக்கு உதைத்தால் வேலி நகர்ந்திருக்கிறது, அல்லது ஒரு துண்டு ஏற்கெனவே பிரிந்து போயிருக்கிறது. நில அளவையாளரைக் கூட்டிக்கொண்டு போய், வெளியே ஒழுங்கையில் நின்றாவது எல்லைக்கற்களைப் பாருங்கள்.

கிணறும் வழியும் தனியாகப் பார்க்கவேண்டியவை. பழைய உறுதிகளில் "கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்" என்று ஒரு வரி இருக்கும். வங்கியின் ஈட்டு முறியை எழுதியபோது அந்த வரியை விட்டிருந்தால், வளவு உங்களுக்கு, தண்ணீர் பக்கத்து வீட்டாருக்கு. ஒழுங்கை தனியார் ஒழுங்கையா, மன்றப் பதிவில் உள்ளதா என்பதைப் பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ கேளுங்கள். அங்கேயே சோலைவரி நிலுவையையும், கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும், வீதி அகலிப்பில் ஏதும் போகிறதா என்பதையும் எழுத்தில் எடுக்கலாம்.

மனுசியின்ர சீதனக் காணி. கடன் எடுத்தது மனுசன். இதில ஏதும் பிரச்சினை வருமோ?

இரண்டு பிரச்சினை வரலாம். முதலாவது தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டம். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை ஈடு வைக்கவோ விற்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைச் சட்டம் சொல்வது அது. ஆகவே ஈட்டு முறியில் காணிக்காரி என்று மனைவி கையெழுத்திட்டிருக்கவேண்டும், சம்மதித்துக் கணவரும் கையெழுத்திட்டிருக்கவேண்டும். கணவர் மட்டும் வைத்த ஈடு என்றால் சீதனக் காணியில் அவருக்கு ஈடு வைக்க எதுவும் இல்லை.

இரண்டாவது, கடன் எடுத்தவர் ஒருவர், ஈடு வைத்தவர் இன்னொருவர் என்பது. அப்படிப்பட்ட ஈட்டில் பராட்டே அதிகாரம் செல்லுமா என்பது உயர் நீதிமன்றம் வரை போன கேள்வி. மூன்றாம் ஆளின் ஈட்டுக்குச் செல்லாது என்று ஒரு தீர்ப்பு வந்தது. கம்பனிக் கடனுக்கு, அந்தக் கம்பனியின் பின்னால் நிற்கும் பணிப்பாளர்களே தங்கள் காணியை வைத்தால் செல்லும் என்று பிறகு இன்னொன்று வந்தது. கடன்காரர் பெயரும் காணிக்காரர் பெயரும் ஒன்றாக இல்லாத அறிவித்தலைக் கண்டால், சட்டத்தரணியின் எழுத்துமூலக் கருத்து இல்லாமல் அந்த ஏலத்துக்குப் போகவேண்டாம்.

காணி தகப்பன்ர பேரிலதான் இருக்கு, அவர்தான் ஈடும் வைச்சவர். தாய் செத்துப்போனா. அதால என்ன?

அதால் பாதிக் காணி போகலாம். தேசவழமையில், திருமணத்துக்குப் பிறகு காசு கொடுத்து வாங்கியது தேடிய தேட்டம். உறுதியில் யார் பெயர் இருந்தாலும் கணவன் மனைவி இருவருக்கும் அதில் சமபங்கு. தாய் 2012இல் இறந்து, தகப்பன் 2017இல் தனியாக ஈடு வைத்தார் என்றால், தாயின் பாதி ஏற்கெனவே பிள்ளைகளிடம் போய்விட்டது. பிள்ளைகளும் ஈட்டில் கையெழுத்திட்டிருந்தால் சரி. இல்லையென்றால் நீங்கள் வாங்குவது பாதிக் காணியும், வெளிநாட்டில் இருக்கும் நாலு உடன்பங்காளரும்.

தோம்பில் மரணம் பதியப்படாது. அதனால் இது தோம்பு பார்த்துப் பிடிபடாது. கிராம அலுவலரிடமும் அயலிலும் விசாரித்து, திருமணத் தேதி, உறுதித் தேதி, மரணத் தேதி, ஈட்டுத் தேதி நான்கையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். முதுசக் காணி, அதாவது பெற்றோர் வழி வந்த காணி என்றால் கணக்கு வேறு. அது எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்துப் பங்குகளைப் பார்க்கவேண்டும்.

பிரிக்காத பங்கு ஒண்டு ஏலத்துக்கு வருது. எடுத்துப்போட்டுப் பிறகு பிரிக்கலாம்தானே?

பிரிக்கலாம், 1977ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு. எல்லாப் பங்காளருக்கும் அறிவித்தல் போகவேண்டும், நில அளவை ஆணை வேண்டும், பங்காளர் ஒருவர் இறந்தால் அவருடைய வாரிசுகளைச் சேர்க்கவேண்டும். வருடக்கணக்கு. பிரிக்காமல் விற்கப் பார்த்தால், தேசவழமைக் காணியில் உடன்பங்காளருக்கு முன்வாங்கல் உரிமை, அதாவது வெளியாளுக்கு முன் தாங்கள் வாங்கும் உரிமை இருக்கிறது. அதற்கான அறிவித்தலைக் கொடுக்காமல் வெளியாளுக்கு எழுத முடியாது. முதல் தடவை ஏலத்துக்குப் போகிறவருக்கு எங்கள் பதில்: வேண்டாம்.

வீட்டுக்குள்ள ஆக்கள் இருக்கினம். எழுப்பித் தருவினமோ?

வங்கி எழுப்பித் தராது. விற்பனைச் சான்றிதழை வைத்து, காணி இருக்கும் பகுதியின் மாவட்ட நீதிமன்றத்திலோ கொழும்பு மாவட்ட நீதிமன்றத்திலோ உடைமை ஒப்படைக்கும் கட்டளைக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம். சுருக்க நடைமுறையில் நடப்பது, முழு வழக்கு அல்ல. கட்டளை கிடைத்ததும் பிஸ்கால் வந்து ஒப்படைப்பார். நீங்களே போய்ப் பூட்டை உடைப்பது, மின்சாரத்தை வெட்டுவது, ஆள் வைத்து மிரட்டுவது எதையும் செய்யாதீர்கள். நல்ல சான்றிதழோடு நின்றவர் பொலிஸ் முறைப்பாட்டில் எதிராளியாகிவிடுவார்.

உள்ளே யார் என்பதுதான் காலத்தைத் தீர்மானிக்கும். கடன்காரரும் குடும்பமும் என்றால் வழி நேர். வாடகைக்காரர் என்றால் அவருடைய ஒப்பந்தம் ஈட்டுக்கு முந்தியதா பிந்தியதா என்று பார்க்கவேண்டும். மிகவும் மெனக்கெடுத்துவது, வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரரின் வீட்டைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம். 10 வருடம் சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல் எதிருடைமையாக இருந்தோம் என்று ஆட்சியுரிமை கோருவார்கள். அனுமதியோடு இருந்தவருக்கு அது இலேசில் கிடைக்காது, ஆனாலும் வழக்கு வழக்குத்தான். வழக்குக்குப் போகும் செலவில் ஒரு பகுதியை அவர்களுக்குக் கொடுத்து, நொத்தாரிசு முன்னிலையில் எழுதி வாங்கிக்கொண்டு, அவர்கள் தாங்களாகவே வெளியேற ஒரு தேதி குறிப்பது பல இடத்தில் மலிவு.

ஏலம் முடிஞ்ச பிறகு கடன்காரன் காசைக் கட்டி மீட்டிட்டா?

வெளியாள் வாங்கிய பிறகு அந்த வழி இல்லை. ஏல நாளுக்கு முன் கட்டினால்தான் ஏலம் நிற்கும். வங்கியே எடுத்திருந்தால் கதை வேறு. அதை வங்கி திரும்ப விற்கும் வரைக்கும், நிலுவையும் செலவும் கட்டினால் வங்கி அந்த விற்பனையை இரத்துச் செய்யலாம்.

வங்கி தானே எடுத்து வைச்சிருக்கிற காணியை வாங்கலாமோ?

முதல் தடவைக்கு இதைத்தான் சொல்வோம். விலை ஏலத்தைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். ஆனால் உறுதிகளைச் சட்டத்தரணி நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கும், பேரம் பேசலாம், சில காணிகளில் வங்கி ஏற்கெனவே உடைமையையும் எடுத்திருக்கும். வங்கியின் அறவீட்டுப் பிரிவில் பட்டியல் கேளுங்கள். மேலே சொன்ன தேதிக் கணக்குகளை மட்டும் இங்கேயும் விடாமல் பாருங்கள். வங்கி கைமாற்றியதால் பழைய குறை தீர்ந்துபோவதில்லை.

சோலைவரி கட்டாத காணியளையும் ஏலம் போடுவினம்தானே? அமெரிக்காவில வரிப் பத்திரம் வாங்கி வட்டி எடுக்கினமாம். இஞ்சை அப்பிடி இல்லையோ?

இல்லை. இங்கே மன்றத்துக்குப் பிடியாணை கொடுத்துச் சொத்தைக் கைப்பற்றி விற்கும் அதிகாரம் உண்டு. ஆனால் அசையும் பொருளில்தான் முதலில் கை வைப்பார்கள். ஒரு வீட்டின் வரிப்பாக்கி வீட்டு விலையோடு ஒப்பிட்டால் சிறிய தொகை என்பதால் காணி வரைக்கும் போவது அருமை. மற்றவரின் வரியை நாம் கட்டி அதற்கு வட்டி வாங்கும் பத்திரம் இலங்கையில் கிடையாது. அது அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றின் முறை. புளோரிடாவில் அந்த வட்டி 18 வீதத்தில் தொடங்கி, கேட்பவர்கள் போட்டியில் கீழே இறக்கிக்கொண்டு போவார்கள்.

எங்கள் ஆட்கள் அதிகம் இருக்கும் கனடாவின் ஒன்ராறியோவிலும் பத்திரம் இல்லை, காணியையே விற்பார்கள். வரிப்பாக்கிச் சான்றிதழ் பதிந்து ஒரு வருடம் வரை சொந்தக்காரர் கட்டி மீட்கலாம். மீட்காவிட்டால் கேள்விப்பத்திரம் அல்லது ஏலம். கேள்விப்பத்திரத்தோடு 20 வீதம் வைக்கவேண்டும், வென்றால் 14 நாளுக்குள் மிச்சம். உரித்துக்கும் வெறுமையான உடைமைக்கும் நகரசபை உத்தரவாதம் தராது. இந்தக் கடைசி வரி நல்லூரிலும் அதேதான்.

கனடாவில இருக்கிற தம்பி காசு அனுப்புறான். அவன்ர பேரில எடுக்கலாமோ?

அவர் இலங்கைக் குடியுரிமையை வைத்திருந்தால், அல்லது இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் எடுக்கலாம். கனடாக் குடியுரிமை மட்டும் என்றால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி காணி உரித்தை அவருக்கு மாற்ற முடியாது. வெளிநாட்டவர் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனி மூலமும் முடியாது. உங்கள் பெயரில் எடுத்தால் அது உங்கள் காணி. காசு அனுப்பிய பற்றுச்சீட்டு உறுதியாகாது. ஏலத்துக்கு ஆள் அனுப்புவதென்றால், கேட்கவும் கையெழுத்திடவும் காசு கட்டவும் தனித்தனியாக அதிகாரம் எழுதிய அற்றோணித் தத்துவம் வேண்டும்.

ஒருத்தற்றை கண்ணீர் விழுந்த காணி சரிவராது எண்டு அம்மா சொல்லுறா.

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. நடைமுறையில் இரண்டைச் சொல்லலாம். அயலவர்கள் இந்தக் காரணத்தால் கேட்க வரமாட்டார்கள், விலை இறங்குவதில் அதற்கும் பங்குண்டு. அதே அயலவர்தான் நாளைக்கு உங்கள் பங்குக் கிணற்றின் மறுபக்கக்காரர். மற்றது, கடனும் செலவும் போக மிஞ்சுவது கடன்காரருக்குத்தான் போகும். ஒருவரும் கேட்காமல் அடிமாட்டு விலைக்குப் போகும் ஏலம் அந்தக் குடும்பத்துக்கு உதவி இல்லை.

கடன்காரன் கட்டாணை எடுக்கப்போறான் எண்டு கதை அடிபடுது. போறதோ விடுறதோ?

காணி இருக்கும் இடத்தைப் பொறுத்து யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை நீதிமன்றப் பதிவகங்களில் சட்டத்தரணி மூலம் தேடலாம். கடன் கொழும்புக் கிளையில் எடுத்தது என்றால் கொழும்பிலும் தேடவேண்டும். ஏலக் காலையில் கட்டாணை வந்தால் ஏலம் நடக்காது, உங்களுக்கு நட்டம் பயணச் செலவுதான். சிக்கல், ஏலம் முடிந்து நீங்கள் 10 வீதம் கட்டிய பிறகு வழக்கு வந்தால்தான்.

அப்போது உங்கள் காசு என்னவாகும், 30 நாள் நீளுமா, வட்டி உண்டா என்பவை விற்பனை நிபந்தனைகள் என்ற பத்திரத்தில் இருக்கும். சுத்தியல் விழுந்த கையோடு நொத்தாரிசு அதைத்தான் உங்கள் முன் நீட்டுவார். வெயிலில், முற்றத்தில், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க அதை வாசித்து முடிக்க ஒருவராலும் இயலாது. ஒரு கிழமை முன்னரே அறவீட்டுப் பிரிவில் அல்லது ஏலதாரரிடம் பிரதி கேட்டு வாங்கிச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். பிரதி தர மறுத்தால் அந்த ஏலத்தை விட்டுவிடுங்கள்.